ஜாதவ்பூர் வீட்டுத் தண்ணீர்

அந்த அம்மா எங்களுக்காகப் புது இரும்புச் சட்டி வாங்கியிருந்தார். மீன் பட்ட பாத்திரத்தில் சமைத்தால் நாங்கள் சாப்பிடுவோமோ மாட்டோமோ என்று சட்டி, கரண்டி, மாவு பிசையும் தாம்பாளம் வரை எல்லாம் புதிது. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக்காரர்கள். கல்கத்தாவுக்கு வந்து முப்பது வருடம் ஆகியும் எங்கள் அடுக்களையில் மீன் நுழைந்ததில்லை. என் ஒரே மகள், தன்னோடு செக்டர் ஃபைவ் ஆபீஸில் வேலை பார்க்கும் வங்காளிப் பையனைக் கட்டிக்கொள்ள விரும்பினாள். பையனைப் பெற்றவர்தான் அந்த அம்மா. துர்கா பூஜை முடிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, என் கணவரும் நானும் மகளும் முதல் தடவையாக ஜாதவ்பூரில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம்.

லுச்சி என்கிற மைதாப் பூரியைப் பொரித்துப் பொரித்துத் தட்டில் போட்டார். கடலைப்பருப்பு, வெல்லம் போட்ட தக்காளிச் சட்னி, இரண்டு சந்தேஷ், பாலில் செய்த இனிப்பு. நான் லுச்சியைத் தின்றேன், பருப்பைத் தொட்டுக்கொண்டேன், சந்தேஷையும் விடவில்லை. தண்ணீரை மட்டும் தொடவில்லை. மூன்று தரம் ஊற்ற வந்தார். மூன்று தரமும் கிளாஸை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "வேண்டாம் திதி, தாகமே இல்லை" என்றேன். திதி என்றால் அக்கா. தேநீர் வந்தது. அதையும் வேண்டாம் என்றேன். லுச்சி நெஞ்சில் அடைத்துக்கொண்டு நின்றது. என் கணவர் என் பங்கு தேநீரையும் சேர்த்துக் குடித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

எனக்கா தாகம் இல்லை? காலை ஒன்பது மணியிலிருந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. எனக்கு மூத்திரம் நிற்காது. எழுதவே கை கூசுகிறது. ஆனால் இதை எழுதாமல் மற்றதை எழுதிப் பிரயோஜனமில்லை. தும்மினால் கொஞ்சம், சிரித்தால் கொஞ்சம், பஸ்ஸில் மேடு பள்ளம் வந்தால் கொஞ்சம். சால்ட் லேக்கில் எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து ஜாதவ்பூர் போய்த் திரும்ப வேண்டுமென்றால் ஒரு பொழுது முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் நான் கண்டுபிடித்த வைத்தியம். புடவைக்குள் மடித்த துணி வேறு. அடுத்தவர் வீட்டில் 'பாத்ரூம் எங்கே' என்று கேட்பதைவிட உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிற ஜாதி நான்.

இது மகள் பிறந்த நாளிலிருந்து வந்தது. தலை திரும்பாமல் நின்று, கடைசியில் ஆயுதம் போட்டு அவளை எடுத்தார்கள். தையல் ஆறிவிட்டது. இரண்டாம் மாதம் இருமும்போது முதல் தடவை நனைந்தது. பெண்கள் தங்களுக்குள், "பிள்ள பெத்தவளுக்கு இதெல்லாம் இருக்கத்தான செய்யும்" என்று பேசிக்கொள்வார்கள். நானும் இருக்கட்டும் என்று இருந்துவிட்டேன். மாதவிலக்கு நின்ற பிறகு அது இரண்டு மடங்காகிவிட்டது. கட்டிய கணவருக்குக்கூடத் தெரியாது. மகளுக்குச் சொல்லவே கூடாது என்று வைத்திருந்தேன்.

பதினைந்து நாள் கழித்து, மகள் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"அம்மா, அவங்க வீட்டுத் தண்ணி உனக்குத் தீட்டா?"

"என்னட்டி பேசுத?"

"அவங்கம்மா அவன்கிட்ட கேட்டிருக்காங்க. 'நம்ம வீட்டுத் தண்ணியக் கூடத் தொடாத வீட்டுல நீ என்னடா சம்பந்தம் பண்ணப் போற'ன்னு. உனக்காகப் புதுசா சட்டி வாங்கினாங்கம்மா. நீ கையால மூடுற, ஏதோ விஷத்தை ஊத்துற மாதிரி. பிடிக்கலைன்னா நேராச் சொல்லு. இப்படி நடிக்காத."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. முப்பது வருடம் இந்த ஊரில் இருந்தவளுக்கு இது தோன்றாமல் போயிற்றே! மீன் சாப்பிடாத தெற்கத்திக்காரி, மீன் சமைக்கிற வீட்டில் தண்ணீரை மட்டும் தொடவில்லை என்றால் வேறு என்னதான் நினைப்பார்கள்? என் உடம்பை மறைக்கிற அவசரத்தில் அடுத்தவர் வீட்டுக்கு இவ்வளவு பெரிய அவமானத்தைச் செய்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஆபீசுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "தாகம் இல்லைன்னுதாம்மா சொன்னேன்" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

நவம்பர் கடைசியில் பையனின் அக்கா குழந்தைக்கு முதல் சோறு ஊட்டுகிற சடங்கு. மரியாதைக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். ஒரு நாள் முழுக்க அங்கே இருக்க வேண்டும். முழங்கால் வலி என்று சொல்லி நான் போகவில்லை. அதோடு அவர்கள் பேச்சு குறைந்தது. கல்யாணத் தேதி பார்ப்பதைப் பங்குனி வரை தள்ளிவைக்கலாம் என்றார்கள். வீட்டில் மகள் என்னோடு பேசுவது, "சாவி எங்க", "நான் வர லேட்டாகும்" என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

எனக்கு அலிப்பூரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. அங்கே வாரம் இரண்டு நாள் வருகிற லேடி டாக்டரிடம் ரத்த அழுத்தம் பார்க்கப் போனபோது ஒரு தும்மல் வந்தது. நான் கால்களை இறுக்கிக்கொண்டு முகம் சுளித்ததை டாக்டர் கவனித்துவிட்டார். சுற்றி வளைக்காமல் கேட்டார். நானும், எந்த தைரியத்தில் என்று தெரியவில்லை, தலையை ஆட்டினேன். சிறுநீரில் கிருமி இல்லை என்று சோதித்துவிட்டு, பிஸியோதெரபி என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பிஸியோதெரபி என்றால் முழங்காலுக்குச் சூடு வைப்பார்கள், கழுத்துக்குப் பட்டை போடுவார்கள் என்றுதான் எனக்குத் தெரியும். இதற்கு எதைப் பிடித்து இழுக்கப் போகிறார்கள்? வீட்டில், "முட்டுக்குப் போறேன்" என்று சொன்னேன். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய்.

பிஸியோதெரபி பார்க்கிற பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். வங்காளிப் பெண். என்னை மாஷிமா என்று கூப்பிட்டாள், நம் ஊர்ப் பிள்ளைகள் பெரியம்மா, சித்தி என்று கூப்பிடுவதுபோல. முக்கால் மணி நேரம் கேள்விதான். எத்தனை பிரசவம், எவ்வளவு நேரம் வலி எடுத்தது, தையல் உண்டா, மலச்சிக்கல் உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை தரம், அவசரமாக வருமா, தும்மும்போதா தூக்கும்போதா. என் வங்காளம் காய்கறி மார்க்கெட் வங்காளம். உடம்பின் அந்தப் பகுதிகளுக்கு எனக்கு அந்த மொழியில் சொல் தெரியாது. தமிழில் தெரியும், ஆனால் அதையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் இடுப்பெலும்பு பொம்மை ஒன்றை எடுத்து முன்னால் வைத்தாள். நான் விரலால் காட்டினேன்.

எலும்புக்கு அடியில் முன்னிருந்து பின்வரை தசை கட்டியிருக்கிறது, தூளி கட்டின மாதிரி. மூத்திரப்பை, கர்ப்பப்பை எல்லாவற்றையும் அதுதான் தாங்குகிறது. பிரசவத்தில் அது அடிபட்டு நைந்திருக்கும், பயிற்சி கொடுத்தால் தேறும் என்று விளக்கினாள். உள்ளே விரலால் தொட்டுப் பார்த்தால்தான் எவ்வளவு பலம் இருக்கிறது என்று சரியாகத் தெரியும் என்றாள். "உங்களுக்கு இஷ்டம் இருந்தாத்தான் மாஷிமா. இன்னிக்கு வேண்டாம்னா இன்னொரு நாள் பார்க்கலாம். வேண்டவே வேண்டாம்னாலும் வைத்தியம் நடக்கும். நடுவுல போதும்னு தோணினா போதும்னு சொல்லுங்க, உடனே நிறுத்திடுவேன்."

பிரசவத்தின்போது என்னை யாரும் எதையும் கேட்கவில்லை. காலைப் பிடித்தார்கள், அதட்டினார்கள், "கத்தாதம்மா" என்றார்கள். இவள் திரையை இழுத்துவிட்டு, மேலே போர்த்திக்கொள்ள விரிப்பு கொடுத்துவிட்டு, நான் கூப்பிடும்வரை வெளியே நின்றாள். கையுறை போட்ட ஒரே ஒரு விரல். தொடுவதற்கு முன் ஒவ்வொரு தரமும் சொன்னாள். வலிக்கவில்லை. கூச்சம் முதல் இரண்டு நிமிடம் இருந்தது, அப்புறம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

"வாயு வெளியே போகாம அடக்குவீங்கல்ல, அந்த மாதிரி மேலே இழுங்க."

இழுத்தேன். பெருமையாகத்தான் இழுத்தேன். ஏனென்றால் போனில் வந்த ஒரு வீடியோவைப் பார்த்து ஒரு வருடமாக நானே இந்தப் பயிற்சியைச் செய்து வந்திருந்தேன், குளிக்கும்போது, பஸ்ஸில், சோறு வடிக்கும்போது.

அவள் இன்னொரு தரம் இழுக்கச் சொன்னாள். பிறகு மெதுவாக, "மாஷிமா, நீங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு கீழே தள்ளுறீங்க. மேலே வரவே இல்ல" என்றாள்.

சவம்! ஒரு வருடமாக, இருந்த கொஞ்சத்தையும் நானே தினமும் முப்பது தரம் கீழே தள்ளியிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் என்ன ஆகுமோ அது ஆயிற்று. அவள் முகம் மாறாமல் கீழே விரித்திருந்த தாளை எடுத்துவிட்டு வேறு விரித்தாள், அவ்வளவுதான். அந்த நிமிடத்தில்தான் எனக்கு அவள்மேல் நம்பிக்கை வந்தது.

மூன்று நாள் என்ன குடிக்கிறேன், எப்போது போகிறேன், எவ்வளவு போகிறேன் என்று அளந்து எழுதி வரச் சொன்னாள். அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் மக்கை துணி துவைக்கும் வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அடுத்த வாரம் அவள் அந்தத் தாளைப் பார்த்தாள். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஆறு வரை குடித்தது என்கிற இடம் மூன்று நாளும் வெறுமையாக இருந்தது.

"ஒண்ணுமே குடிக்கலியா?"

"பஸ்ஸுல போகணுமே."

"யார் வீட்டுக்காவது போனா?"

அங்கே என் வாய் திறந்துகொண்டது. ஜாதவ்பூர், லுச்சி, புதுச் சட்டி, கையால் மூடின கிளாஸ், மகள் பார்த்த பார்வை, எல்லாவற்றையும் அரைகுறை வங்காளத்தில் கொட்டினேன். அழுதேன். வெட்கங்கெட்டு, மூக்கு ஒழுக அழுதேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஐயோ மாஷிமா. சம்பந்தி வீட்டுல தண்ணி வேண்டாம்னீங்களா? எங்கம்மாவா இருந்தா ஜன்மத்துக்கும் மறக்கமாட்டா."

"அதான் தெரியுதே."

"தண்ணி குடிக்காம இருக்கறது வைத்தியம் இல்ல. மூத்திரம் கெட்டியாகி, பையை இன்னும் உறுத்தும். மலச்சிக்கலும் வரும். தசை தேற மூணு மாசம் ஆகும், முழுசா நிக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா தண்ணிய இந்த வாரமே குடிக்க ஆரம்பிக்கலாம்." பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டே சொன்னாள், "என்கிட்ட சொன்னதை அவங்ககிட்டயும் சொல்லலாம்."

அது மட்டும் நடக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர், ஜனவரி முழுக்க அதே வேலை. முதுகைத் தரையில் போட்டு, முழங்காலை மடக்கி, மூச்சை விட்டுக்கொண்டே மேலே இழுப்பது. சில வினாடி பிடித்து, பிடித்த அளவுக்கு விடுவது. இழுக்கிறது பெரிதில்லை, முழுசாக விடவும் தெரிய வேண்டும் என்பாள். தும்மல் வருகிறது என்று மூக்கு சொன்னதும் முதலில் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பிறகு தும்மு என்பாள். எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டை விட்டுக் கிளம்பும் முன் மூன்று தரம் போவேனே, அது கூடாது. அவசரமாக வந்தால் ஓடாமல் நின்று, மூச்சை நிதானமாக விட்டு, அது தணிந்த பிறகு நடந்து போக வேண்டும். நடுவில் மூத்திரத்தை நிறுத்தி நிறுத்திப் பழகுவதும் கூடாது. காலையிலும் ராத்திரியிலுமாகக் குடித்த தேநீர் நான்கு கோப்பையிலிருந்து இரண்டாயிற்று. தண்ணீர் மட்டும் வேளாவேளைக்கு.

மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாவது வாரம் பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஏழாவது வாரம் சளி பிடித்து இருமல் வந்து, பழைய நிலைக்கே போய்விட்டேன். "இனிமே இது என்னத்த ஆகப்போகுது" என்று இரண்டு முறை போகாமல் இருந்துவிட்டேன். அந்தப் பெண் போன் செய்து, இருமல் வந்தால் எல்லோருக்கும் அப்படித்தான், வாருங்கள் என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. அதற்காகவே போனேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் மகள் சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி சொன்னாள். "அவன்கிட்ட வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்மா. ரெண்டு வீட்டுக்கும் பிடிக்காம எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

அவள் அழவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. என் ஒரு கிளாஸ் தண்ணீருக்காக என் பிள்ளை தன் வாழ்க்கையை எடுத்து ஓரமாக வைக்கிறாள்.

"ஞாயித்துக்கிழமை வாரோம்னு அவங்ககிட்ட சொல்லு" என்றேன்.

"எதுக்கு? மறுபடி கிளாஸை மூடிக்கிட்டு உக்காரவா?"

"குடிக்கேன்ட்டி. நீ சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போலத் தண்ணீர் குடித்தேன். ஒரு தரம்தான் போய்விட்டுக் கிளம்பினேன். என் கணவர் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் நானும் மகளும் மட்டும். அந்த அம்மா கதவைத் திறந்தார், சிரித்தார், ஆனால் பழைய சிரிப்பில்லை. இந்தத் தடவை லுச்சி இல்லை. கடையில் வாங்கிய இனிப்பு இரண்டு தட்டில் வந்தது. தண்ணீர் வரவே இல்லை. கேட்டு மறுக்கப்படுவதை ஒருவர் எத்தனை தரம் தாங்குவார்?

"திதி, குடிக்கத் தண்ணி தருவீங்களா?" என்றேன்.

அவர் எழுந்து போய்க் கொண்டுவந்தார். முழுசாகக் குடித்தேன். இன்னொரு கிளாஸ் கேட்டேன். அதையும் குடித்தேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேநீர் வந்தது, குடித்தேன். சொல்ல வேண்டிய பேச்சு மட்டும் வரவில்லை. இருபது நிமிடம் குளிரைப் பற்றிப் பேசினோம். எனக்கு வந்துவிட்டது. நிதானமாக மூச்சை விட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அடுத்தவர் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"திதி, பாத்ரூம் எந்தப் பக்கம்?"

அவரே எழுந்து கூட்டிப் போனார், விளக்கைப் போட்டார். நான் வெளியே வந்தபோது துண்டோடு நின்றார். அந்த இடுக்கு வராந்தாவில், ஈரக் கையோடு, சொன்னேன். அன்றைக்கு ஏன் குடிக்கவில்லை என்பதை எனக்குத் தெரிந்த வங்காளத்தில் சொன்னேன். சொல் கிடைக்காத இடத்தில் கையைக் காட்டினேன்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "ஓ மா! இதுக்கா? நான் மூணு மாசமா அந்தச் சட்டியப் பார்த்துப் பார்த்து அழுதுட்டிருக்கேன்." பிறகு கோபமாகவே சொன்னார், "சொல்லியிருக்கக் கூடாதா திதி? இந்த வீட்டுல பாத்ரூம் இல்லியா என்ன?" என் கையைத் துடைத்துவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டார். அடுக்களைக்குள் போய்ப் பரண்மேல் ஏற்றியிருந்த சட்டியை இறக்கினார். சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார்.

திரும்பும்போது பைபாஸில் டாக்ஸி ஊர்ந்தது. மகள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"அங்க ரெண்டு பேரும் என்ன பேசினீங்க? அவங்க அழுதுட்டு வந்தாங்க."

சொன்னேன். ஒரு அந்நியப் பெண்ணிடமும், ஒரு சம்பந்தியம்மாவிடமும் சொல்லிவிட்டு, மூன்றாவதாகத்தான் பெற்ற பிள்ளையிடம் சொன்னேன். அவள் ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு, "எப்பலேருந்தும்மா?" என்றாள்.

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பொய் சொல்லலாம். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

"நீ பொறந்ததுலேருந்து."

"என்னாலயா?"

"ஆமாட்டி, உன்னாலதான். அதுக்கென்ன இப்ப? தல திரும்பாம நின்ன, ஆயுதம் போட்டு எடுத்தாங்க. அத நீ கேட்டா வந்த? எனக்கு நீ வேணும்னு இருந்தது, வந்த. இன்னொரு தடவ இப்படித்தான் வருவேன்னாலும் வான்னுதான் சொல்லுவேன்."

அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ரேடியோவைக் குறைத்தார். வண்டிகள் நகரவில்லை. சற்று நேரம் கழித்து மகள் நிமிர்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்.

"உனக்குப் போகணுமாம்மா? எங்கயாவது நிறுத்தச் சொல்லட்டா?"

என்னை யாரும் அதுவரை இப்படிக் கேட்டதில்லை.

"வேண்டாம்ட்டி, வீட்டுக்கே போயிரலாம். நேரம் இருக்கு" என்றேன். உண்மையிலேயே இருந்தது.